திசையைப் படிப்பித்தவர்: பேராசிரியர் எலியேசர்

உயர்தர வகுப்பில் பௌதிகவியலோ இணைந்த கணிதமோ கற்கத் தொடங்கும் மாணவி முதல் மாதத்திலேயே சந்திக்கும் சொற்கள் இரண்டு: எண்ணி, காவி. அவற்றைத் தொடர்ந்து புலம் வரும். இச்சொற்களோடு சேர்த்து நாம் படிக்கும் பெயர்களெல்லாம் தூரதேசத்தவரின் பெயர்கள்: ஹமில்ற்றன், பரடே, மக்ஸ்வெல், டிராக். எங்கள் குடாநாட்டில் பள்ளிக்கூடம் போன ஒருவர் அந்த டிராக்கின் மாணவராயிருந்து, இலத்திரனின் இயக்கம் பற்றி இன்றும் தம் பெயரால் வழங்கும் ஒரு தேற்றத்தை நிறுவினார். பின்னர் காவிகளைப் பற்றிப் பல்கலைக்கழக மாணவருக்கென ஒரு நூலும் எழுதினார். இதை நம்மில் பலர் அறியோம். அவர்தான் பேராசிரியர் கிறிஸ்டி ஜெயரத்தினம் எலியேசர். நாங்கள் பிறப்பதற்கு முன்பே, 2001 இல் மறைந்துவிட்ட அந்த அறிஞரின் வாழ்க்கையையும், அவர் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த பொருளையும் சேர்த்து அறிமுகம் செய்வதே இக்கட்டுரையின் நோக்கம். கணிதம் படிக்காத சகோதரிகளும் பெற்றோரும் வாசிக்கக்கூடியவாறு எழுத முயன்றுள்ளேன்.

பருத்தித்துறையில் தொடங்கிய பாதை

எலியேசர் 1918 ஆம் ஆண்டு பிறந்தார். பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியில் கல்வி கற்றார். மெதடிஸ்த மிஷனரிமார் 1838 இல் தொடங்கிய அக்கல்லூரி, கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் இன்றுவரை பேர்பெற்றது.

பருத்தித்துறை கடலோர ஊர். அங்குள்ள கடற்றொழிலாளரிடம் இன்று காற்று எப்படி என்று கேட்டால், பலமாக அடிக்கிறது என்பதோடு அவர்கள் நிறுத்தமாட்டார்கள். வாடை என்பார்கள், சோளகம் என்பார்கள், கொண்டல் என்பார்கள், கச்சான் என்பார்கள். வாடை வடக்கிலிருந்தும், சோளகம் தெற்கிலிருந்தும், கொண்டல் கிழக்கிலிருந்தும், கச்சான் மேற்கிலிருந்தும் வருவன. காற்றின் பெயரிலேயே அதன் திசையும் அடங்கிவிடுகிறது. திசை தெரியாமல் பலம் மட்டும் தெரிந்தால் வள்ளத்தைக் கடலில் இறக்க முடியாதென்பது அவர்களுக்குப் புத்தகம் சொல்லிக்கொடுத்த பாடமல்ல.

ஹாட்லியிலிருந்து எலியேசர் கொழும்பிலிருந்த இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரிக்குச் சென்றார். அன்று இலங்கைக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் இருக்கவில்லை. 1921 இல் தொடங்கிய அக்கல்லூரியின் மாணவர்கள் லண்டன் பல்கலைக்கழகத்தின் பரீட்சைகளுக்கே தோற்றினார்கள். அங்கு கணிதத்தில் சிறந்து விளங்கிய எலியேசருக்குப் புலமைப்பரிசில் கிடைத்தது. அவர் இங்கிலாந்தின் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கிறைஸ்ட்ஸ் கல்லூரியில் சேர்ந்தார்.

இதே பாதையில் அவருக்குச் சில ஆண்டுகள் முன்னே சென்றவர் எங்கள் சமூகத்தைச் சேர்ந்த ஏ. எம். ஏ. அஸீஸ். வண்ணார்பண்ணையில் 1911 இல் பிறந்து, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் கற்று, அதே பல்கலைக்கழகக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1934 இல் கேம்பிறிட்ஜ் சென்றவர் அவர். இலங்கையின் சிவில் சேவையில் இணைந்த முதலாவது முஸ்லிம் என்ற பெருமையும், 1945 இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடங்கிய பெருமையும் அவரைச் சாரும். ஒருவர் வரலாறும் நிருவாகமும் நாட, மற்றவர் கணிதத்தை நாடினார். இருவரும் புறப்பட்டது இந்த மண்ணிலிருந்துதான்.

எண்ணியும் காவியும்

எலியேசரின் ஆராய்ச்சியை விளங்கிக்கொள்ள முன் இந்த இரண்டு சொற்களையும் சற்று விளங்கிக்கொள்வோம்.

பருமனை மட்டும் சொன்னாலே நிறைவு பெறும் கணியம் எண்ணிக் கணியம். திணிவு, காலம், வெப்பநிலை, சக்தி என்பன அத்தகையன. சந்தையில் இரண்டு கிலோகிராம் அரிசி என்றால் போதும்; எந்தப் பக்கம் பார்த்த இரண்டு கிலோகிராம் என்று கடைக்காரர் கேட்கமாட்டார். பருமனோடு திசையும் சொன்னால்தான் நிறைவு பெறுவது காவிக் கணியம். இடப்பெயர்ச்சி, வேகம், ஆர்முடுகல், விசை என்பன அவ்வகையின.

ஒரு மாணவி ஐந்து சந்தியிலிருந்து 300 மீற்றர் கிழக்கே நடந்து, பின் 400 மீற்றர் வடக்கே நடந்தால், அவள் நடந்த தூரம் 700 மீற்றர். இது எண்ணி. தொடங்கிய இடத்திலிருந்து முடித்த இடத்துக்கு நேர்கோடு வரைந்தால் அது 500 மீற்றர். வடகிழக்குப் பக்கமான ஒரு குறித்த திசையில் அமைந்த இந்த 500 மீற்றரே இடப்பெயர்ச்சி. இது காவி. 300 ஐயும் 400 ஐயும் கூட்ட 500 வருவது கணக்குப் பிழைபோலத் தோன்றும். ஆனால் காவிகளின் கூட்டலில் அதுதான் சரி.

இங்கே பலரைத் தடுமாற வைக்கும் இடமொன்று உண்டு. திசை இருந்தால் மட்டும் ஒரு கணியம் காவியாகிவிடாது. கம்பியொன்றில் ஓடும் மின்னோட்டத்துக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று திசை சொல்கிறோம். ஆயினும் மின்னோட்டம் எண்ணியே. ஏனென்றால், இரண்டு கம்பிகள் ஒரு சந்தியில் எந்தக் கோணத்தில் சேர்ந்தாலும் ஓட்டங்கள் சாதாரண எண்களைப்போலவே கூடுகின்றன. இணைகர விதிப்படி கூடுவதே காவி. அதேபோல, வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே போய் மறைக்குறி பெற்றாலும் அது காவியல்ல. குறி வேறு, திசை வேறு.

ஆங்கிலத்தில் வெக்ரர் எனப்படும் சொல்லுக்கு இலத்தீன் மொழியில் சுமந்து செல்பவர் என்று பொருள். எங்கள் பேச்சில் காவுதல் என்றாலும் சுமத்தல்தான். குடத்தைக் காவினாள், மூட்டையைக் காவினான் என்று நாளும் பேசுகிறோம். டெங்கு நோயைச் சுமந்து செல்லும் நுளம்பை நோய்க்காவி என்கிறோம். தமிழகத்தில் திசையன் என்று வழங்குவதை நாம் காவி என்கிறோம். ஒரு புள்ளியை இன்னொரு புள்ளிக்குக் காவிச் செல்வது என்ற மூலப்பொருள் எங்கள் சொல்லில் அப்படியே இருக்கிறது. சொல்லின் பொருள் தெரிந்தால் பாடம் பாதி விளங்கிவிடும்.

திசையின் அருமை எங்களுக்குப் புதிதுமல்ல. ஐவேளைத் தொழுகைக்கு நாம் கிப்லாவை நோக்கி நிற்கிறோம். யாழ்ப்பாணத்தில் அது நேர் மேற்கிலிருந்து ஏறத்தாழ 22 பாகை வடக்கே சாய்ந்திருக்கிறது. மக்கா எத்தனை கிலோமீற்றர் தொலைவில் உள்ளது என்ற எண் மட்டும் தெரிந்த ஒருவருக்கு எப்பக்கம் திரும்புவதென்று தெரியாது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அல் பிரூனி கஸ்னா நகரின் அமைவிடத்தைக் கணித்தறிய எடுத்த பெருமுயற்சியின் நோக்கங்களுள் கிப்லாவின் திசையைச் சரியாகக் காண்பதும் ஒன்று.

புலம் என்றால் என்ன?

வெளியில் உள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு பெறுமானம் இருந்தால் அதைப் புலம் என்கிறோம். குடாநாட்டின் கிணறுகளை எடுத்துக்கொள்வோம். எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புகளில் மழைநீர் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் நன்னீராக மிதக்கிறது. ஒவ்வொரு கிணற்றுக்கும் அதன் நீரில் உள்ள உப்பின் அளவை வரைபடத்தில் குறித்தால் அது ஓர் எண்ணிப் புலம். அதே வரைபடத்தில் ஒவ்வோர் இடத்திலும் வீசும் காற்றை அம்புக்குறிகளால் வரைந்தால் அது ஒரு காவிப் புலம்.

இரண்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. உப்பு வரைபடத்தில் ஒரு கிணற்றடியில் நின்று, எந்தப் பக்கம் போனால் உவர்ப்பு மிக விரைவாகக் கூடும் என்று கேட்கலாம். அதற்கு விடை ஒரு திசை. எவ்வளவு விரைவாகக் கூடும் என்பது ஒரு பருமன். இரண்டும் சேர்ந்தால் ஒரு காவி. ஆகவே ஓர் எண்ணிப் புலத்திலிருந்து ஒரு காவிப் புலத்தைப் பெற்றுவிடலாம். பௌதிகவியலில் மின்னழுத்தத்திலிருந்து மின்புலத்தைப் பெறுவது இதே வழியில்தான். அங்கே ஒரே ஒரு வேறுபாடு: மின்புலம் அழுத்தம் குறையும் பக்கம் நோக்கும்.

புலம் என்ற எண்ணத்துக்கு உயிர் கொடுத்தவர் மைக்கல் பரடே. இரும்புக் கொல்லரின் மகன், புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகியவர், கணிதம் அதிகம் அறியாதவர். காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூள் வரிசையாகப் படிவதைக் கண்டு, வெறும் வெளியிலும் விசைக்கோடுகள் நிறைந்துள்ளன என்று அவர் எண்ணினார். அந்த எண்ணத்தை 1860 களில் கணிதமாக்கியவர் மக்ஸ்வெல். எண்ணி, காவி என்ற சொற்களைத் தந்தவர் அயர்லாந்தின் ஹமில்ற்றன். மக்ஸ்வெல்லின் நீண்ட சமன்பாடுகளைக் காவிகளின் மொழியில் நான்காகச் சுருக்கியவர் ஒலிவர் ஹெவிசைட். இவர் பல்கலைக்கழகம் போகாதவர். இன்று நாம் படிக்கும் காவிக் கணிதம் ஹெவிசைட்டும் அமெரிக்கரான கிப்ஸும் தனித்தனியே வடித்துத் தந்தது. எலியேசர் கேம்பிறிட்ஜ் சென்றபோது இந்தப் பாரம்பரியம் முழுவதும் அங்கே அவருக்காகக் காத்திருந்தது.

டிராக்கின் மாணவர்

அது இரண்டாம் உலகப் போர்க் காலம். கேம்பிறிட்ஜில் ஒருகாலத்தில் நியூற்றன் வகித்த கணிதப் பேராசிரியர் பதவியில் அப்போது போல் டிராக் இருந்தார். 1933 இல் நொபெல் பரிசு பெற்றவர்; மிகக் குறைவாகப் பேசுபவர் என்று பேர்போனவர். அவருடைய வழிகாட்டலில் எலியேசர் ஆராய்ச்சி செய்தார்.

எடுத்துக்கொண்ட பிரச்சினை இதுதான். ஏற்றமுள்ள துணிக்கை ஒன்று ஆர்முடுகினால் அது மின்காந்த அலைகளைக் கதிர்த்துச் சக்தியை இழக்கும். அப்படியானால், தான் உண்டாக்கிய புலமே அத்துணிக்கையை எதிர்த்து ஒரு விசையைக் கொடுக்கவேண்டும். அந்த விசையைக் கணிப்பது எளிதல்ல. இலத்திரனை ஒரு புள்ளியாகக் கொண்டால் அதன் புலம் அந்தப் புள்ளியில் முடிவிலியாகிவிடுகிறது. 1938 இல் டிராக் இந்தச் சிக்கலுக்குள்ளிருந்து ஒரு சமன்பாட்டைப் பெற்றார். நியூற்றனின் விதியில் விசை ஆர்முடுகலைத் தீர்மானிக்கும். டிராக்கின் சமன்பாட்டிலோ ஆர்முடுகல் மாறும் வீதமும் உள்ளே வருகிறது. அதனால் விசித்திரமான தீர்வுகள் தோன்றின. எந்த விசையும் தாக்காத இலத்திரன் தானாகவே மேலும் மேலும் வேகமெடுத்து ஓடுவதும் அவற்றுள் ஒன்று. அத்தகைய தீர்வுகளை விலக்கிவிட்டு மீதியைக் கொள்ளலாம் என்பது டிராக்கின் எண்ணம்.

எலியேசர் அந்தச் சமன்பாட்டை எல்லாவற்றிலும் எளிய அணுவான ஐதரசனில் பரிசோதித்தார். நடுவில் ஒரு புரோத்தன், வெளியே ஓர் இலத்திரன். ஒன்றின் ஏற்றம் நேர், மற்றதன் ஏற்றம் மறை. ஆகவே ஈர்ப்பு. இலத்திரன் நேர்கோட்டில் புரோத்தனை நோக்கி விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். என்ன நடக்கும்? போய் மோதும் என்றுதான் நாம் எல்லோரும் சொல்வோம். 1943 இல் கேம்பிறிட்ஜ் தத்துவக் கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்த அவருடைய கட்டுரை வேறு விடை சொன்னது. டிராக்கின் சமன்பாட்டின்படி அந்த இலத்திரன் புரோத்தனை ஒருபோதும் சென்றடையாது. கிட்டப் போய், ஓரிடத்தில் நின்று, திரும்பி, ஈர்க்கும் விசைக்கு எதிர்ப்பக்கமாக மேலும் மேலும் வேகங்கூடி முடிவிலி நோக்கி ஓடிவிடும். ஈர்ப்புள்ள இடத்தில் விலகி ஓடுதல்! விலக்கிவிடலாம் என்று நினைத்த விசித்திரத் தீர்வுகளை இங்கே விலக்க வழியே இல்லை. இந்த முடிவே எலியேசர் தேற்றம் என்று அழைக்கப்படுகிறது.

இதன் பெறுமதியை எண்ணிப் பாருங்கள். உலகின் தலைசிறந்த விஞ்ஞானி ஒருவர் எழுதிய சமன்பாட்டை, அவருடைய மாணவரான இருபத்தைந்து வயது இளைஞர் அவருக்கே உரிய கணிதத்தால் சோதித்து, இது எங்கே உடைகிறது என்று காட்டினார். பௌதிகவியலில் ஆசிரியரை மதிப்பது என்பது அவர் சொன்னதை அப்படியே ஒப்புவிப்பதல்ல. அவர் கொடுத்த கருவியை இறுதிவரை நேர்மையாகப் பயன்படுத்துவது. எலியேசர் குறை காட்டியதோடு நின்றுவிடவுமில்லை. 1948 இல் இலண்டன் றோயல் சங்கத்தின் ஆய்விதழில், ஓடிப்போகும் தீர்வுகள் தோன்றாதவாறு திருத்திய வேறொரு சமன்பாட்டை முன்வைத்தார். மிக வலிமையான லேசர் ஒளியில் இலத்திரன் எப்படி இயங்கும் என்று ஆராய்பவர்கள் இன்றும் அதை எடுத்து ஒப்பிடுகிறார்கள். ஏற்றமுள்ள துணிக்கையின்மீது அதன் சொந்தப் புலம் செலுத்தும் விசை என்னும் வினா இன்னும் முற்றாகத் தீர்ந்துவிடவில்லை.

வகுப்பறையும் நூலும்

1949 இல் எலியேசர் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியரானார். விஞ்ஞான பீடத்தின் பீடாதிபதியாகவும் கடமையாற்றினார். பத்து ஆண்டுகள் இந்நாட்டின் கணித, பொறியியல், விஞ்ஞான மாணவர் பலர் அவரிடம் கற்றுப் போயினர். 1959 இல் அவர் நாட்டைவிட்டுப் புறப்பட்டு, கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியராகப் பொறுப்பேற்றார்.

அங்கிருந்த காலத்தில்தான், 1963 இல், காவிக் கணிதம் பற்றிய அவருடைய ஆங்கில நூல் இங்கிலாந்தின் பேர்கமன் பதிப்பகத்தினூடாக வெளிவந்தது. பெயரிலேயே சுருக்கமானது என்று சொல்லிக்கொள்ளும் சிறு நூல் அது. காவி என்றால் என்ன என்று தொடங்கி, காவிகளைக் கூட்டல், பெருக்கல், வகையிடல், தொகையிடல் என்று படிப்படியாக ஏறி, பௌதிகப் பிரச்சினைகளில் அவற்றைப் பிரயோகித்துக் காட்டி, இறுதியில் காவிகளுக்கும் அப்பாலுள்ள இழுவங்களின் வாசல்வரை மாணவரைக் கூட்டிச்செல்கிறது. அரை நூற்றாண்டுக்குப் பின்னரும் அமெரிக்கப் பதிப்பகமொன்று அதை மீண்டும் அச்சிட்டது. கணிதப் பாடநூல்கள் விரைவில் பழசாகிவிடும் உலகில் இது சிறிய விடயமல்ல.

ஆராய்ச்சியின் உச்சியில் நின்ற ஒருவர் முதலாம் வருட மாணவருக்காக இறங்கிவந்து கூட்டலிலிருந்து எழுதுகிறார். காவுதல் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

மெல்பேர்ண் ஆண்டுகள்

1968 இல் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரில் புதிதாகத் தொடங்கிய லா ட்ரோப் பல்கலைக்கழகத்தில் பிரயோக கணிதப் பேராசிரியராக எலியேசர் சேர்ந்தார். 1983 வரை அங்கே பணியாற்றினார். ஐம்பது வயதில் புதிய நாடு, புதிய பல்கலைக்கழகம். பலர் ஓய்வை நினைக்கத் தொடங்கும் வயதில் அவர் புதிய ஆராய்ச்சிகளில் இறங்கினார்.

அவற்றுள் இரண்டைச் சொல்லலாம். ஊஞ்சல் ஆடும்போது கயிற்றின் நீளத்தை ஒருவர் மெல்ல மெல்ல மாற்றிக்கொண்டிருந்தால் ஊஞ்சலின் சக்தி காக்கப்படாது. ஆனாலும் மாறாத ஒரு கணியம் ஒளிந்திருக்கிறது என்பது முன்பே தெரியும். அது எதைக் குறிக்கிறது என்பதுதான் புதிர். 1976 இல் எலியேசரும் கிறே என்ற அவருடைய சக ஆய்வாளரும் ஓர் அழகான விளக்கம் தந்தனர். கோட்டில் நடக்கும் அந்த அலைவை, தளமொன்றில் சுற்றும் ஒரு துணிக்கையின் நிழல் என்று கற்பனை செய்யுங்கள். அப்போது மாறாதிருக்கும் கணியம் அந்தச் சுற்றலின் கோண உந்தத்தோடு தொடர்புடையது. ஒரு கோட்டுக்குள் விளங்காதது, இன்னொரு திசையைச் சேர்த்ததும் விளங்கிவிட்டது.

இரண்டாவது, சூரியனைக் கோள்கள் சுற்றும் இயக்கம் பற்றியது. கோளின் சக்தி மாறாது, அது எண்ணி. கோண உந்தம் மாறாது. அது பாதையின் தளத்துக்குச் செங்குத்தான காவி. மூன்றாவதாக ஒன்றும் மாறாதிருக்கிறது. சூரியனிலிருந்து, கோள் தன் பாதையில் சூரியனை மிகக் கிட்டிவரும் இடத்தை நோக்கி நிற்கும் ஒரு காவி அது. 1981 இல் எலியேசரும் பிறின்ஸ் என்ற கணிதரும், இயக்கச் சமன்பாடுகளின் சமச்சீரிலிருந்தே அந்தக் காவியைப் பெறும் வழியைக் காட்டினர். இருபத்தைந்து வயதில் இலத்திரனின் திசையை ஆராய்ந்தவர் அறுபது கடந்த வயதில் கோளின் திசையை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

இதே ஆண்டுகளில் அவர் புலம்பெயர்ந்த தமிழரின் அமைப்புகளில் முன்னின்று உழைத்தார். தாயகத்தில் தம் மக்கள் படும் துயரை அவுஸ்திரேலிய அரசுக்கும் மக்களுக்கும் எடுத்துச் சொன்னார். அவருடைய கல்விப் பணிக்கும் சமூகப் பணிக்கும் அந்நாட்டு அரசின் கௌரவ விருதும் கிடைத்தது. 2001 மார்ச் மாதத்தில் மெல்பேர்ணில் காலமானார்.

இடப்பெயர்ச்சியும் இடப்பெயர்வும்

பௌதிகவியலில் இடப்பெயர்ச்சி என்றால் ஒரு காவி. யாழ்ப்பாணத்தில் இடப்பெயர்வு என்றால் வேறொன்று. அது எல்லோர் வீட்டிலும் உள்ள சொல். எலியேசர் மெல்பேர்ணில் இருந்த காலத்தில், 1990 ஒக்டோபரில், வட மாகாணத்தின் முஸ்லிம்கள் 70,000 பேருக்கு மேல் வெளியேற்றப்பட்டார்கள். சோனகத் தெரு வெறிச்சோடியது. பெரும்பாலானோர் புத்தளத்தில் கொட்டில்களிலும் பின்னர் சிறு வீடுகளிலும் வாழ்ந்தார்கள். போர் முடிந்தபின் சில குடும்பங்கள் மீண்டு வந்தன. பல குடும்பங்கள் வரவேயில்லை. தமிழ்க் குடும்பங்களும் 1995 இல் ஒரே நாளிரவில் நகரைவிட்டு நடந்தன. அவர்களுள் பலர் இன்று உலகெங்கும் வாழ்கிறார்கள்.

புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தால் இடப்பெயர்ச்சி பூச்சியம் என்று எழுதினால் பரீட்சையில் முழுப் புள்ளியும் கிடைக்கும். இதை என் உம்மம்மாவிடம் சொன்னால் ஏற்றுக்கொள்ளமாட்டார். திரும்பி வந்தபோது கூரை இல்லை, கதவில்லை, முற்றத்து மாதுளையில்லை. அயலில் யாரையும் தெரியவில்லை. இருபது வருடங்கள் கடந்த தூரம் அந்தப் பூச்சியத்துக்குள் தெரியாது. அதனால் கணிதம் பொய்யாகிவிடவில்லை. ஒரு கணியம் எந்த வினாவுக்கு விடை சொல்கிறது, எதற்குச் சொல்லவில்லை என்று பிரித்தறிவதைத்தான் எண்ணியும் காவியும் நமக்குக் கற்பிக்கின்றன. தூரத்தைக் கேட்டவருக்கு இடப்பெயர்ச்சியைச் சொல்லக்கூடாது. ஒருவர் பட்ட துயரைக் கேட்கும்போது, இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்பதோடு விட்டுவிடவும் கூடாது.

பேராசிரியர் எலியேசரும் ஊரைவிட்டுப் போனவர். திரும்பி வந்து குடியிருக்காதவர். அவருடைய வாழ்க்கையை இரு கோணங்களில் அளக்கலாம். எத்தனை நாடுகள், எத்தனை பதவிகள், எத்தனை ஆய்வுக் கட்டுரைகள் என்று எண்ணலாம். அவையெல்லாம் எண்ணிகள். கொழும்பு, கோலாலம்பூர், மெல்பேர்ண் என்று இடம் மாறியபோதும், கடினமானதை ஆராய்வது, அறிந்ததை மாணவருக்கு எளிதாக்குவது என்று அவர் சென்ற திசை மாறவில்லை. அதுதான் காவி.

சகோதரிகளே, இன்று எங்களை அளக்கும் எண்ணொன்று இருக்கிறது. அதன் பெயர் இஸட் புள்ளி. பல்கலைக்கழக வாசல் அதனால்தான் திறக்கிறது. அதை அலட்சியம் செய்யும்படி சொல்ல எனக்குத் தகுதியுமில்லை, விருப்பமுமில்லை. ஆனால் அது நேர்க்குறியோ மறைக்குறியோ கொண்ட ஓர் எண் மாத்திரமே. அதற்குத் திசை கிடையாது. அதிக புள்ளி பெற்றவள் எங்கே போகவேண்டும் என்றோ, குறைந்த புள்ளி பெற்றவளுக்கு வழியில்லை என்றோ அது சொல்வதில்லை. கணிதமும் பௌதிகவியலும் பெண்பிள்ளைகளுக்குக் கஷ்டம், வேறு பாடம் எடு என்று வீட்டிலும் வெளியிலும் இன்னும் சொல்கிறார்கள். பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்: பிள்ளைக்கு எத்தனை புள்ளி என்று கேட்கும் அன்று, எந்தப் பக்கம் போக ஆசை என்றும் ஒருமுறை கேளுங்கள். பல்கலைக்கழகம் போகாத ஹெவிசைட்டும், கணிதம் அறியாத பரடேயும், பருத்தித்துறையில் படித்த எலியேசரும் ஒரே நூலின் பக்கங்களில் சந்திக்கிறார்கள். அடுத்த பக்கத்தில் இந்தக் கல்லூரி மாணவி ஒருத்தியின் பெயர் வரக்கூடாது என்று எந்த விதியும் இல்லை.